எதிர்ப்பக்கத்துத் திரை

ஏஞ்சலைத் தேடி வந்த பட்டு வியாபாரிகள் எல்லாரும் ஒரு தடவைதான் வந்தார்கள். இரண்டாம் தடவை வந்தவர் என்று ஒருத்தரும் இல்லை. வேலையில் குறை என்று சொல்லியிருந்தாலாவது திருத்திக்கொண்டிருப்பாள். அதுவும் சொல்லவில்லை. "நல்லாருக்குதும்மா, பிரிண்டு எடுத்துக் குடு" என்று வாங்கிக்கொண்டு போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

அவள் செய்தது சேலை டிசைன். முந்தானையில் வரும் மயிலோ மாங்காயோ யானையோ, முதலில் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரையப்பட வேண்டும். எந்தக் கட்டத்தில் ஜரிகை தெரியும், எதில் தெரியாது என்பதை அந்தப் படம்தான் சொல்லும். அதைப் பார்த்து அட்டைகளில் ஓட்டை அடிப்பார்கள். அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், எந்த இழை எழும்ப வேண்டும் என்பதை ஓட்டைகள் பார்த்துக்கொள்ளும். கட்டத்தில் தப்பு வந்தால் அந்தத் தப்பு சேலையில் ஜரிகையோடு பளபளக்கும். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள்.

நான்கு வருடம் கண்ணாயிரத்திடம் இருந்து அவள் இந்த வேலையைக் கற்றாள். ஊரில் கண்ணாயிரத்தைத் தெரியாத பட்டுக்கடை இல்லை. அங்கே வியாபாரி வந்தால் எப்படி உட்காருவார் என்பதையும் பார்த்திருக்கிறாள். கண்ணாயிரத்தின் நாற்காலியை ஒட்டி இன்னொரு நாற்காலி. தோளும் தோளும் இடிக்கும். வியாபாரி வெற்றிலை வாயோடு குனிந்து, திரைமேலேயே விரலை அழுத்தி, "இந்தப் பூவ எடுத்துடு, இங்க ஒரு கொடி ஓடட்டும்" என்பார். "யோவ், கைய எடுய்யா, எல்லாம் எண்ணெ" என்று கண்ணாயிரம் கத்துவார். அப்படியே சண்டை போட்டுக்கொண்டே அரைமணியில் ஒரு முந்தானை பிறந்துவிடும். வரைகிறவர் பாதி, பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறவர் பாதி. காஞ்சிபுரத்தில் டிசைன் வேலை அப்படித்தான் நடக்கும்.

ஏஞ்சல் தனியாகத் தொழில் தொடங்கிய 2008-இல், செவிலிமேட்டு வீட்டின் முன்னறையில் மேசை இருந்தது. பெட்டி மாதிரிப் பெரிய பழைய மானிட்டர் இருந்தது. பக்கத்தில் ஒரு நாற்காலியும் துடைத்துப் போட்டிருந்தாள். அதில்தான் ஒருத்தரும் உட்காரவில்லை. நிலைப்படியை ஒட்டி நின்றுகொண்டு, கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். உட்காரச் சொன்னால், "இருக்கட்டும்மா, இருக்கட்டும்." அங்கிருந்து கட்டம் தெரியுமா, கொடி தெரியுமா? ஒன்றும் தெரியாது. ஒருத்தர் மட்டும் வாய்விட்டே சொன்னார்: "வயசுப் பொண்ணு பக்கத்துல எப்டிம்மா உக்கார்றது? நாலு பேரு பாத்தா நல்லாவா இருக்கும்?"

அது வெளியே சொல்லக்கூடிய காரணம். சொல்லாத காரணம் இன்னொன்று இருந்தது. இந்தத் தெரு யாருடைய தெரு, இவள் தாத்தா யார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டார் என்பதெல்லாம் கேட்காமலே ஊருக்குத் தெரியும். அவள் அப்பா காசிநாதன் எலக்ட்ரீஷியன், பாதி ஊருக்கு வயரிங் செய்தவர். "வூட்டுக்குள்ள வந்து ஃபேன் மாட்டுன்னுவாங்க. ஃபேனுக்குக் கீழ உக்காருன்னு சொல்ல மாட்டாங்க" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஏஞ்சலுக்குச் சிரிப்பு வராது.

விலகும்போது கண்ணாயிரம் சொன்னது வேறு காதிலேயே நின்றது. "போயி பாத்துட்டு வாம்மா. உன் சீட்டு இங்க காலியாத்தான் இருக்கும்." வாழ்த்துகிற மாதிரியா சொன்னார்? பொங்கலுக்குள் ஒரு வியாபாரியாவது நிரந்தரமாக அமையாவிட்டால், அந்தச் சீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். மறுபடி அட்டைக்கு ஓட்டை அடிக்க வேண்டும்.

வழி, கல்லூரித் தோழி ஸிந்துஜா வீட்டிலிருந்து வந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் அவள் வீடு. அமெரிக்காவிலிருந்து வந்த அண்ணன் அபிநவ், மடிக்கணினியின்மேல் ஒரு டம்ளர் காபியைக் கவிழ்த்துவிட்டு, புதிது வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டான்.

"கீபோர்டு செத்துப்போச்சுடி. ஸ்க்ரீன் மட்டும் ஜம்முனு இருக்கு. பழைய சாமான்காரன்கிட்ட போடறதுக்கு நீ எடுத்துண்டு போயேன்" என்றாள் ஸிந்துஜா.

"திரைய மட்டும் வெச்சிக்கினு நான் இன்னாடி பண்றது?"

"உன் கம்ப்யூட்டருக்கே ரெண்டாவது மானிட்டரா வச்சுக்கோ. அதுக்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்காம், அண்ணா சொன்னான். ஒரு கேபிள் போட்டாப் போறும்."

ஏஞ்சலுக்குச் சட்டென்று மனசுக்குள் மேசையின் இரண்டு பக்கமும் தெரிந்தது. இந்தப் பக்கம் தன் திரை, அந்தப் பக்கம் வியாபாரியின் திரை. அவர் எதிரே உட்காரலாம். நடுவில் மூன்றடி மேசை. தான் வரைவது அப்படியே அவர் கண்ணெதிரே தெரியும். நாலு பேர் பார்த்தாலும் ஒன்றும் சொல்ல முடியாது. அட, இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று அவள் பஸ்ஸிலேயே சிரித்துக்கொண்டு வந்தாள்.

பிரௌசிங் சென்டரில் மென்பொருளை இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்தாள். காசிநாதன் கேபிளின் ஒரு முனையை வெட்டி, உள்ளே இருந்த வயர்களை மாற்றிப் போட்டுக் கொடுத்தார். சாவிப்பலகை செத்துப்போன மடிக்கணினியை மவுஸை மட்டும் வைத்துக்கொண்டு வழிக்குக் கொண்டுவர அவளுக்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று. மாலையில் இங்கே ஒரு மாங்காய் வரைந்தாள். எழுந்து சுற்றிப் போய்ப் பார்த்தால் அங்கேயும் மாங்காய்! அம்மா அன்னம்மாள் கையில் கரண்டியோடு வந்து பார்த்து, "யம்மாடி, சொல்லி வெச்ச மாதிரி இருக்குதே" என்றாள். மாங்காய் கொஞ்சம் கொழுகொழுவென்று தெரிந்தது. அகலத் திரையாச்சே, அப்படித்தான் இருக்கும் என்று ஏஞ்சல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மடிக்கணினியை எதிர்ப்பக்கம் பார்க்க வைத்தாள். இரண்டு திரைகளும் முதுகோடு முதுகு காட்டிக்கொண்டு நின்றன.

ஐப்பசி கடைசியில் தணிகாசலம் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முப்பது வருடமாகப் பட்டு வியாபாரம். கோபக்காரர் என்று பெயர். கண்ணாயிரத்திடம் போயிருக்கிறார், அங்கே மூன்று மாதத்துக்கு வேலை வரிசையில் நிற்கிறது. தை மாதக் கல்யாணம் ஒன்றுக்கு எட்டுச் சேலை, எல்லாவற்றிலும் ஒரே முந்தானை: யானை வரிசை, இரண்டு யானைக்கு நடுவே ஒரு சக்கரம். பெண்வீட்டார் கேட்டது அது. வேறு வழியில்லாமல்தான் செவிலிமேட்டுக்கு வண்டியைத் திருப்பியிருக்கிறார். அதை மறைக்கவும் இல்லை.

"கண்ணாயிரத்துகிட்ட இருந்த பொண்ணு நீதான? பாக்கலாம், இன்னா பண்றேன்னு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், மேசையைப் பார்த்தார். எதிரே தனியாக ஒரு திரை, அதற்கு முன்னால் தனியாக ஒரு நாற்காலி. முகம் இளகியது. உட்கார்ந்தே விட்டார். "பரவாயில்லியே. கண்ணாயிரம்கூட இப்டி வெக்கலியே!"

அன்னம்மாள் டீ கொண்டுவந்தாள். "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்மா" என்றார். ஏஞ்சல் அம்மாவைப் பார்த்துக் கண்ணால் உள்ளே போகச் சொன்னாள்.

வேலை நன்றாகத்தான் போயிற்று. தணிகாசலம் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை, தொழில் தெரிந்தவர். யானையின் முதுகில் போர்த்தும் ஜூல் துணி எவ்வளவு இறங்க வேண்டும், கால் நகம் நெய்தால் தெரியுமா தெரியாதா என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஏஞ்சலின் கை ஓடியது. பக்கத்தில் ஆள் உட்கார்ந்து சொல்லச் சொல்ல வரைகிற சுகம் அவளுக்கு முதல்முறையாக வாய்த்தது. பக்கத்தில் இல்லை, எதிரேதான். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

அதுவரை யானையைப் பெரிதாக்கித் துண்டு துண்டாகத்தான் காட்டியிருந்தாள். மூன்றாவது நாள், எல்லாம் முடிந்து முழு வரிசையையும் சேலையில் விழும் அளவிலேயே திரையில் காட்டினாள். தணிகாசலம் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாம்மா, யானை இவ்ளோ குண்டா இருக்குது? பன்னி மாதிரி இருக்குதே."

ஏஞ்சல் தன் திரையைப் பார்த்தாள். யானை யானையாகத்தான் இருந்தது. அம்சமாக இருந்தது.

"சக்கரமும் சப்பையா கெடக்குது பாரு. பூசணிக்கா மேல யாரோ உக்காந்த மாதிரி. பக்கவாட்டுல கொற. கொற கொற... இன்னும் கொற."

குறைத்தாள். அவர் "இன்னும்" என்றார். இன்னும் குறைத்தாள். ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததும், "ஆங்! இப்பதாம்மா யானை. அப்டியே வெய்யி" என்று தொடையில் தட்டினார்.

அவள் திரையில் யானை நாலு நாள் பட்டினி கிடந்ததைப்போல ஒட்டி உலர்ந்து நின்றது. சக்கரம் முட்டையாக நிமிர்ந்திருந்தது. அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. 'சார், இங்க ஒல்லியாத் தெரியுது' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன கேட்பார்? 'எங்க, காட்டு' என்பார். காட்ட வேண்டுமென்றால் இந்தப் பக்கம் வரச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், 'முப்பது வருசம் நெசவப் பாத்தவன் நான், நேத்து வந்த பொண்ணு நீ சொல்றியா' என்பார். எழுந்து போய்விட்டால்? நெய்யும்போது அகலம் கொடுக்குமோ என்னவோ, அவருக்குத் தெரியாததா என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"சரிங்க சார்" என்றாள்.

அட்டை அடிக்கப் போயிற்று. பிள்ளையார்பாளையத்தில் தர்மன் என்ற நெசவாளர், ஒரு பழைய பாவின் கடைசியில் மிச்சமிருந்த இழைகளில், மாதிரிக்காக இரண்டு யானையும் ஒரு சக்கரமும் நெய்து பார்ப்பதாக ஏற்பாடு. அதில் சரியாக வந்தால் எட்டுச் சேலைக்கும் அதே அட்டை. அது மட்டுமில்லை. "இது நல்லா வந்துச்சின்னா, இனிமே நம்ம கடை டிசைனு பூராவும் உன்கிட்டதாம்மா" என்று தணிகாசலம் வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார். காசிநாதன் அன்றைக்குக் கடையிலிருந்து கறி வாங்கிக்கொண்டு வந்தார். ஏஞ்சலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "இன்னா உடம்புக்கு" என்று அன்னம்மாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பத்தாவது நாள் காலை வண்டிச் சத்தம் கேட்டது. தணிகாசலம் செருப்பைக் கழற்றிய வேகத்தில் ஒன்று படியிலும் ஒன்று தெருவிலும் விழுந்தது. கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு துண்டு. அதைப் பிரித்து மேசைமேல் எறிந்தார். அரக்குப் பட்டில் ஜரிகை யானை இரண்டு. ஆட்டுக்குட்டிக்குத் தும்பிக்கை வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. நடுவே முட்டைச் சக்கரம்.

"இன்னாம்மா இது? இன்னா இதுன்றேன்! தர்மன் இத வெச்சிக்கினு சிரிக்கிறான். அஞ்சு நாளு அவன் தறி உன்னால வீணாப்போச்சி. கல்யாணப் பொண்ணு இதக் கட்டிக்கினு மணையில உக்காருமா?"

ஏஞ்சல் நாற்காலியை விட்டு எழுந்தாள். "சார், நீங்க சொன்ன மாதிரிதான்..."

"நான் சொன்னதா? நான் பாத்தது நல்லா லட்சணமா இருந்துச்சி. நான் போனப்பறம் நீ கைய வெச்சி இன்னாவோ மாத்திட்ட. தொட்டுட்டு இப்போ என் தலையில கட்டுறியா?"

அதுதான் அவளைச் சுட்டது. வேலை தெரியாதவள் என்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். ஏமாற்றுக்காரி என்கிறாரே! இது அவர் வாயோடு நிற்காது. சாயங்காலத்துக்குள் கண்ணாயிரத்தின் காதுக்குப் போகும். அப்புறம் பழைய சீட்டும் கிடையாது, புதிய சீட்டும் கிடையாது.

"நான் ஒரு கட்டத்தையும் தொடல சார். அதே ஃபைல இப்பவே தொறக்கறேன். உங்க கண்ணாலயே பாருங்க."

திறந்தாள். தணிகாசலம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியைப் பார்த்தார். பார்த்ததும் விரலை நீட்டினார். "இதோ! இதுதாம்மா நான் பாத்தது. யானை எவ்ளோ ஜம்முனு நிக்குது பாரு! இத விட்டுட்டு வேற எதக் குடுத்த அட்டைக்கு?"

ஏஞ்சல் தன் திரையைப் பார்த்தாள். அதே ஒல்லி யானை, அதே முட்டை. மேசைமேல் கிடந்த பட்டுத்துண்டைப் பார்த்தாள். அதிலும் அதே யானைதான். ஒரு ஃபைல், இரண்டு திரை, இரண்டு யானை! அடிப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மாங்காய் கொழுகொழுவென்று தெரிந்த அன்றைக்கே இது மண்டையில் உறைத்திருக்க வேண்டாமா?

புதுப் பக்கம் திறந்து, வட்டம் போடும் கருவியால் ஒரு வட்டம் போட்டாள். அப்பா மேசைமேல் விட்டுப்போயிருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப் உருளையை எடுத்துத் தன் திரையில் வைத்தாள். வட்டத்தைத் தேவையான அளவுக்குப் பெரிதாக்கினாள். டேப்பின் விளிம்பும் வட்டத்தின் விளிம்பும் அச்சாகப் பொருந்தின. டேப்பை அவரிடம் நீட்டினாள்.

"உங்க திரையில தெரியுதே வட்டம், அதுமேல இத வெச்சிப் பாருங்க சார்."

தணிகாசலம் சந்தேகமாக வாங்கி வைத்துப் பார்த்தார். மேலேயும் கீழேயும் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. இரண்டு பக்கமும் வட்டம் டேப்புக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றது.

"அது அகலத் திரை சார். படத்தப் புடிச்சிப் பக்கவாட்டுல இழுத்துக் காட்டுது. அதாலதான் உங்களுக்கு யானை குண்டாத் தெரிஞ்சுது. கொறைக்கச் சொன்னீங்க. நெஜமான அளவு என் திரையிலதான் இருக்குது."

"உன்துல எப்டி இருக்குது?"

ஏஞ்சல் இரண்டு கைகளாலும் மானிட்டரைப் பிடித்தாள். கனமான பெட்டிதான், ஆனாலும் திருப்பிவிடலாம். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்வார். பிடித்தவள் அப்படியே நின்றாள். ஏனோ அவளுக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வந்தது. கையை எடுத்துவிட்டாள்.

"இந்தப் பக்கம் வந்து பாருங்க சார்."

"திருப்பும்மா, பாக்கறேன்."

"நீங்க என்ன ஏமாத்துக்காரின்னு சொல்லிட்டீங்க. வந்து பாத்துட்டு அப்புறமா சொல்லுங்க."

தணிகாசலம் அவளை நிமிர்ந்து பார்த்தார். சமையலறைக் கதவருகே அன்னம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். தெருவில் காய்கறி வண்டிக்காரர் கத்திக்கொண்டு போனார். பிறகு தணிகாசலம் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மேசையைச் சுற்றி வந்தார். அவளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். பட்டுத்துண்டை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். டேப்பை வைத்துப் பார்த்தார்.

"ஆமா" என்றார். அப்போதுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. "அப்போ உனக்கு அன்னிக்கே தெரியும். நான் கொற கொறன்னு சொல்லச்சொல்ல உன் கண்ணு முன்னாடியே யானை எளைச்சிக்கினு இருந்துக்குது."

"ஆமா சார்."

"வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு இருந்த? ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

தப்பு தன்னுடையதுதான் என்று ஏஞ்சலுக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"சொல்லியிருந்தா, எங்க காட்டுன்னு நீங்க இந்தப் பக்கம் வரணும் சார். நீங்க இந்தப் பக்கம் வரத் தேவையில்லாம இருக்கணும்னுதான் நான் அந்த லேப்டாப்பையே அங்க வெச்சேன். அப்புறம் எப்டி சார் நான் வாங்கன்னு சொல்றது?"

குரல் உடைந்துவிட்டது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். ஒல்லி யானை அவளைப் பார்த்தது. தணிகாசலம் பட்டுத்துண்டைச் செய்தித்தாளில் சுற்றினார். தெருவில் கிடந்த செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"தொழில் பண்றவ வாயக் கட்டணும்" என்றாள் அன்னம்மாள். அப்புறம் அவளே, "கேட்டது கேட்டதுதான், போ" என்று தோசைக்கல்லைப் போட்டாள். காசிநாதன் மத்தியானம் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கண்ணாயிரத்துகிட்ட நான் வோணா போயிப் பேசட்டுமா?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றாள்.

அன்றைக்கே யானையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாள். மடிக்கணினியையும் நோண்டினாள். அகலத் திரையின் இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை விட்டு, படத்தை இழுக்காமல் உள்ளபடி காட்டச் சொல்லும் ஓர் இடம் இருந்தது. பத்து நிமிட வேலை. டேப்பை வைத்துப் பார்த்தாள். வட்டம் வட்டமாக நின்றது. இனி அது எதிர்ப்பக்கம் இருந்தாலும் ஒரு தப்பும் வராது. பழையபடியே வைத்துவிடலாம்.

அவள் வைக்கவில்லை. மடிக்கணினியைத் தூக்கி இந்தப் பக்கம் கொண்டுவந்து, மானிட்டருக்கு இடப்புறம் நான்கு செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தாள். மென்பொருளில் வேறொன்றைத் தட்டியதும் இரண்டு திரையும் சேர்ந்து ஒரே நீளத் திரையாயிற்று. பெரிய திரையில் கட்டம், சின்னத் திரையில் முழு முந்தானை. கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தால் முந்தானையில் அது எப்படி விழுகிறதென்று தலையைத் திருப்பினால் தெரிந்தது. வேலை இரட்டிப்பு வேகத்தில் ஓடியது. தனக்கென்று இதை வைத்துக்கொள்ளலாம் என்று இத்தனை நாள் அவளுக்குத் தோன்றவே இல்லை.

முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் பத்து மணிக்கு வண்டிச் சத்தம்.

தணிகாசலம் உள்ளே வந்தார். "டீ குடிக்கிறீங்களா" என்றாள் அன்னம்மாள். "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்மா" என்றார். பழக்க தோஷத்தில் எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தார், எதிரே திரை இல்லை. மானிட்டரின் முதுகு இருந்தது. தூசி படிந்த காற்றுத் துளைகளும் தொங்கும் வயர்களும் இருந்தன.

"அந்தப் பொட்டி எங்கம்மா? கெட்டுப்போச்சா?"

"இல்ல சார், சரி பண்ணிட்டேன். நல்லாத்தான் இருக்குது. இந்தப் பக்கம் எனக்கு வெச்சிக்கினேன்."

தணிகாசலம் மானிட்டரின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஏஞ்சல் மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தாள். எந்தக் கட்டத்தில் என்ன வைக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. போனால் போகட்டும் என்று நினைத்தாள். கடவுளே, போகக்கூடாது என்றும் நினைத்தாள்.

நாற்காலி தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. தணிகாசலம் அதைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். அவள் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டார். உட்கார்ந்து பார்த்தார். கட்டம் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. இன்னும் அரை முழம் இழுத்துப் போட்டுக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். பெரிய திரையையும் சின்னத் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். யானை இரண்டிலும் ஒரே யானையாக இருந்தது.

"ம்" என்றார். "தும்பிக்கைய இன்னும் நாலு கட்டம் மேல தூக்கு."

"சரிங்க சார்" என்பது ஏஞ்சலின் வாய்க்கு வந்துவிட்டது. விழுங்கினாள். தலையைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வேணாம் சார். நாலு கட்டம் தூக்குனா மேல ஓட்ற கொடியில இடிக்கும். அசிங்கமா இருக்கும்."

தணிகாசலத்தின் புருவம் ஏறியது. முப்பது வருடத்தில் எத்தனை பேர் அவரிடம் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள்? அவர் குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தும்பிக்கை நுனியில் விரலை வைத்தார். அங்கிருந்து கொடி வரைக்கும் விரலாலேயே ஒவ்வொரு கட்டமாக எண்ணினார். திரையில் எண்ணெய்த் தடம் விழுந்தது.

"இடிக்கும்தான்" என்றார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்போ நீ சொல்லு. எவ்ளோ தூக்கலாம்?"